ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கட்டிய கோழிக்கூடு

அந்தத் தெருவில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கா? தங்கமான மனுஷன், வேலை சுத்தம். ஆனா வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்" என்பார்கள். வாஸ்தவம்தான். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மெக்கானிக் முதலில் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் காதை வைத்துக் கேட்பார். பிறகு கதவைத் திறந்து, ஓரத்து ரப்பரை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். கிளம்பும்போது மட்டும், மனப்பாடம் செய்த பிள்ளை போல, ஒரே ஒரு புத்திமதி சொல்வார்: "சூடா எதையும் மூடாம உள்ள வைக்காதீங்க. ஆவி போறதுக்கு வழியில்லாம தண்ணியா நிக்கும்." அதோடு அந்த வீட்டுக்கான பேச்சு தீர்ந்தது.

தன் வீட்டில் அதுவும் கிடையாது. வீட்டுக்காரம்மா "ஏங்க" என்றால் "ம்" என்பார். ஆமாம், இல்லை, பார்க்கலாம், ஆளை விடு என்று அந்த 'ம்'மிலேயே நாலு வகை வைத்திருந்தார். அந்த அம்மாளும் பாவம், நாலையும் பிரித்துப் புரிந்துகொள்ளப் பழகியிருந்தார்.

அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு தீராத மனக்குறை உண்டு. மகள் பிறந்த அன்றைய கதை அது. யார் வீட்டுக்கு வந்தாலும் அதை எடுத்து விடாமல் அனுப்ப மாட்டார். "நான் உள்ள வலியில துடிக்கிறேன். வெளிய எட்டிப் பாத்தா எங்கம்மா மட்டும்தான் உக்காந்திருக்காங்க. இந்த மனுஷன் வேலைக்குப் போயிட்டாரு! சாயந்தரம் கையெல்லாம் கிரீஸோட வந்து குழந்தையைப் பாக்கறாரு." கேட்கிறவர்கள் மெக்கானிக்கைப் பார்ப்பார்கள். மெக்கானிக் "ம்" என்பார். எந்த வகை 'ம்' என்று அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் பிடிபட்டதில்லை.

கோழிகள் வந்தது மகள் கல்யாணமாகிப் போன பிறகு. வீடு வெறிச்சோடிப் போயிற்று, பேச ஆளில்லை. கட்டிய புருஷனோ ஓடாத ரேடியோ. அந்த அம்மாள் ஒருநாள் கூடையில் நாலு கோழிகளைக் கொண்டுவந்து கொல்லைப்புறத்தில் இறக்கினார். பழுப்பு நிறத்தில் பெருத்த உடம்போடு எல்லாரையும் அதட்டுகிறவள் மகாராணி. கழுத்தில் முடியில்லாமல் எப்போதும் யாரையாவது துரத்துகிறவள் சண்டைக்காரி. எது எதுவென்று பெற்ற தாய்க்கே தெரியாத இரண்டு வெள்ளைகள் இரட்டையர். அப்புறம், தெருச்சேவல் ஒன்றின் புண்ணியத்தில் மகாராணி அடைகாத்ததில் பொரித்தது ஒன்றே ஒன்று. ஒரு கால் சற்று வளைந்த நோஞ்சான் குஞ்சு. தாயே அதைக் கொத்தி விரட்டினாள். அதை அட்டைப்பெட்டியில் வைத்து, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வளர்த்து, உள்ளங்கையில் தீனி வைத்து ஊட்டி ஆளாக்கினார் அந்த அம்மாள். அதுதான் குட்டிம்மா. ஊட்டும்போதெல்லாம் பேசிக்கொண்டே ஊட்டியதால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாராவது பேசினால்தான் கொத்தும். பேச்சை நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து, "அப்புறம்?" என்பது போலப் பார்க்கும்.

இதையெல்லாம் மெக்கானிக் ஒரு கண்ணால் பார்த்து, மறு கண்ணால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கி, அந்த அம்மாள் பெட்டியைக் கட்டும் வரைக்கும் கோழிகள் அவர் இலாகா இல்லை.

மலைமேல் இருக்கும் ஊர் அது; அந்த வருஷம் குளிர் முன்னதாகவே வந்துவிட்டது. காலையில் கோழித் தண்ணீர்ச் சட்டியின் மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஐஸ் படிய ஆரம்பித்திருந்தது. கிளம்பும் அன்று வீட்டுக்காரம்மா வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"காலையில வெதுவெதுன்னு தண்ணி வைங்க. சாயந்தரம் ஒரு கை சோளம் கூடப் போடுங்க, ராத்திரி உடம்பு சூடா இருக்கும். கீழ உமி நனைஞ்சா மாத்திடுங்க. இருட்டினதும் முன்பக்கம் அந்தச் சாக்கைத் தொங்கவிடுங்க, போதும். புதுசா ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"ம்."

"குட்டிம்மாவுக்குப் பேசிக்கிட்டே போடணும்."

"கோழிகிட்ட என்னத்தைப் பேசறது?"

"என்கிட்ட பேசாததையெல்லாம் பேசுங்க!"

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் வழியாக மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு அங்க ஒரு பொண்ணு, இங்க ஒரு பொண்ணு. அங்க நான் பாத்துக்கறேன். நான் திரும்பி வரும்போது குட்டிம்மா என் கைக்கு ஓடி வரணும். இதையாவது செய்வீங்கல்ல?"

அந்த 'இதையாவது' மெக்கானிக்கைக் குத்தியது. எதை நினைத்துச் சொல்கிறார் என்று தெரியாதா? பஸ் திரும்பும் வரை நின்றுவிட்டு, ஒரு தீர்மானத்தோடு வீட்டுக்கு நடந்தார். சாக்குப் படுதாவாம்! ஆயுசு முழுக்கக் குளிரோடு குடித்தனம் நடத்துகிறவன் நான், எனக்கே குளிரைப் பற்றிப் பாடமா? ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

பழைய கூடு மரச்சட்டமும் கம்பிவலையும் தகரக் கூரையுமாக இருந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழையும் சந்து. மெக்கானிக் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பட்டறையில் கிடந்த கழித்துப்போட்ட ஃப்ரிட்ஜ்களிலிருந்து குளிரைத் தடுக்கும் நுரைப்பலகைகளை அறுத்தெடுத்தார். நாலு பக்கமும் பலகை, கூரைக்கு அடியிலும் பலகை. சந்து பொந்தெல்லாம் பசையும் ரப்பரும் வைத்து அடைத்தார். முன்பக்கம் ஒரு பெரிய ஃப்ரிட்ஜின் கதவையே கீல் போட்டு மாட்டினார். காந்த ரப்பரோடு அது 'டப்' என்று மூடிக்கொண்ட சத்தத்தைக் கேட்டதும், இன்னும் இரண்டு தரம் திறந்து மூடிக் கேட்டு ரசித்தார்.

பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவின் மிஷின் அந்தக் கொல்லைப்புறத்தைப் பார்த்த ஜன்னலோரத்தில்தான் இருந்தது. ஊசியில் நூல் கோத்தபடியே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, கோழியை வளக்கப் போறீங்களா, இல்ல ஃப்ரீஸர்ல வைக்கப் போறீங்களா?"

"ஒரு ஈ, எறும்பு புகாது, தங்கச்சி" என்றார் மெக்கானிக். அவர் அளவில் அது நீண்ட சொற்பொழிவு.

முதலில் எல்லாம் சுகமாகத்தான் போயிற்று. பகலில் கோழிகள் கொல்லைப்புறத்தில் சீய்த்துத் திரியும். இருட்டியதும் வரிசையாக உள்ளே ஏறும். 'டப்.' குட்டிம்மாவுக்குப் பேசும் பிரச்சினைக்கும் மெக்கானிக் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். ரேடியோவை அதன் பக்கத்தில் வைத்துச் செய்திகளைப் போட்டுவிடுவார். குட்டிம்மா செய்தி வாசிப்பவருக்காக அரைமனசாகக் கொஞ்சம் கொத்தும், விளம்பரம் வந்தால் நிறுத்திவிடும்.

அப்புறம் மகாராணி தும்மினாள். கோழி தும்மி நீங்கள் கேட்டிருக்கிறீர்களோ என்னவோ, ஏதோ சின்னக் குழந்தை பொம்மை ஊதலை ஊதினது மாதிரி இருக்கும். மறுநாள் இரட்டையரில் ஒன்று. முட்டைகள் நின்றுபோயின. குட்டிம்மாவின் சிவப்புக் கொண்டை நுனி கறுக்க ஆரம்பித்தது. மெக்கானிக்குக்குப் பகீரென்றது. எங்கேயோ குளிர் நுழைகிறது! டார்ச்சை எடுத்துக்கொண்டு கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஊசிமுனை அளவு இடம் தெரிந்தாலும் பசையைப் பிதுக்கி அடைத்தார். அவர் அடைக்க அடைக்கத் தும்மல் கூடியது.

அன்று சாயந்தரம் வழக்கம் போல ஃபோன் வந்தது.

"ஏங்க, குட்டிம்மா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"அவ குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு. ஃபோனைக் கிட்ட வைங்களேன்."

குட்டிம்மாவோ கண்ணை மூடி, உடம்பை உப்பிக்கொண்டு ஒரு மூலையில் நின்றது. சத்தமே இல்லை. மெக்கானிக் நாலு பக்கமும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஃபோனில் அவரே "கொக்... கொக்கொக்" என்றார்.



"என்னங்க, குரல் ஆம்பளைக் குரலா இருக்கு?"

"குளிருக்குத் தொண்டை கட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். ஜன்னலில் தையற்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

சிரிப்பதற்கு அவருக்கென்ன! மறுநாள் காலையில் மெக்கானிக் கூட்டின் கதவைத் திறந்தபோது நெடி கண்ணைக் கரித்தது. குனிந்து தலையை உள்ளே விட்டார். பின்கழுத்தில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். வெள்ளைப் பலகை முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். சுவரில் கோடு கோடாக வழிந்து, கீழே உமி சொதசொதவென்று கிடந்தது. கோழிகளின் இறகெல்லாம் ஈரம்.

வியர்வை! எத்தனை ஃப்ரிட்ஜில் இதைப் பார்த்திருக்கிறார், எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறார். சூடாக எதையும் உள்ளே வைக்காதீர்கள், ஆவி போக வழியில்லாமல் தண்ணீராக நிற்கும். ஐந்து கோழிகள் விடியவிடிய விட்ட மூச்சு போக இடமில்லாமல் அவற்றின் தலைமேலேயே இறங்கியிருக்கிறது. ஈரக் கொண்டையில் குளிர் ஏறாமல் என்ன செய்யும்? அந்த அம்மாள் விட்டுவைத்த விரலளவு சந்து சும்மா விட்ட சந்தில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன ஒரே புத்திமதியைத் தான் கேட்காத மடத்தனத்தை நினைத்து, கூட்டின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரொம்ப நேரம் உட்காரவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் ரம்பத்தை எடுத்தார். கோழிகள் உட்காரும் பலகைக்கு மேலே, தலைக்குக் காற்று நேராக அடிக்காத உயரத்தில், கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் நீளமாக அறுத்துத் திறந்து வலை அடித்தார். 'டப்' கதவைக் கழற்றும்போது மட்டும் கொஞ்சம் நெஞ்சு வலித்தது. அந்த இடத்தில் கம்பிவலையும், அதன் மேல் சாக்கும் தொங்கின. ஈர உமியை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினார். கொண்டைகளில் வேஸலின் தடவினார். சண்டைக்காரி அதற்குக் கூலியாக அவர் கட்டைவிரலைப் பதம் பார்த்தாள்.

"இப்பத்தான் அண்ணே கூடு மாதிரி இருக்கு" என்றார் தையற்காரம்மா. இந்தத் தடவை கிண்டல் இல்லை.

மற்ற நாலும் தேறிவிட்டன. தும்மல் நின்றது, மகாராணி பழையபடி அதட்டினாள். குட்டிம்மா மட்டும் தேறவில்லை. காய்ந்த உமி பரப்பிய அட்டைப்பெட்டியில் அதை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்தார். நோஞ்சான் உடம்பு, இரைப்பை காலி. சோளக்குருணையை ஊறவைத்து உள்ளங்கையில் நீட்டினார். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ரேடியோவை வைத்தார். அசையவில்லை.

"சாப்பிடு" என்றார். "சாப்பிடும்மா." அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஐம்பது வயது மனுஷன், ஒரு கோழியின் முன்னால் வார்த்தை வராமல் விழித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக இதே கதை. பெட்டிக்குள் கையை விட்டால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி தட்டியது. செத்துப்போய்விடுமோ? பஸ் ஜன்னலில் கலங்கியிருந்த அந்த முகத்தில் எப்படி விழிப்பேன்? நினைக்கும்போதே அவர் கண்ணும் நிறைந்தது.

அப்போதுதான் ஃபோன் அடித்தது.

"ஏங்க! பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உங்க மூக்கு, அப்படியே உங்க மூக்கு!"

"ம்" என்றார் மெக்கானிக். "நல்லது."

"நல்லதா? அவ்வளவுதானா? சரி, உங்ககிட்ட போய்ச் சொன்னேன் பாருங்க" என்று சிரித்தபடியே அந்த அம்மாள் வைத்துவிட்டார்.

மெக்கானிக் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வீட்டில் வேறு யாருமில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"குட்டிம்மா, எனக்குப் பேத்தி பொறந்திருக்குடி! என் மூக்காம். பாவம், அந்த மூக்கை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாளோ." குரல் உடைந்தது, சிரிப்பும் வந்தது. "உனக்குத் தெரியுமா, அவ அம்மா பொறந்தப்ப நான் எங்க இருந்தேன்னு? ஒருத்தருக்கும் தெரியாது. உங்கம்மா உள்ள கத்தறா. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. என்னை உள்ள விடல. மாமியார் எதிர்ல அழவா முடியும்? அந்த ஆஸ்பத்திரி வராந்தா மூலை திரும்பினா ஒரு தண்ணி கூலர், ஓடாம நிக்குது. பையில ஸ்க்ரூடிரைவர் இருந்துச்சு. பிரிச்சுப் போட்டு உக்காந்துட்டேன்..."

உள்ளங்கையில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தார். குட்டிம்மா ஒரு குருணையைக் கொத்தியிருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டார். பேச்சு நின்றதும் கோழி தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"இதோ சொல்றேன், சொல்றேன்!" என்று அவசர அவசரமாக ஆரம்பித்தார்.

அன்றைக்குத் திறந்த வாய்தான். காலையில் ஒரு பிடிக்கு ஒரு கதை, சாயந்தரம் ஒரு பிடிக்கு ஒரு கதை. பேக்கரிக்காரர் ஃப்ரிட்ஜுக்குள் மூக்குக் கண்ணாடியை வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடியதைச் சொன்னார். பல்வைத்தியர் வீட்டுப் பூனை கம்ப்ரஸர் சூட்டில் குட்டி போட்டதால் பழுது பார்க்காமலே திரும்பி வந்ததைச் சொன்னார். சேர்ந்து கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. எல்லாக் கதைக்கும் குட்டிம்மா கொத்தும். ஆனால் தண்ணி கூலர் கதைக்குத்தான் கை காலியாகும் வரை கொத்தும். அதனால் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கறுத்த கொண்டை நுனி காய்ந்து உதிர்ந்தது. வளைந்த கால் பெட்டியைத் தாண்டியது. ஒருநாள் அது சமையல்கட்டெல்லாம் நடந்து அசிங்கம் பண்ணியபோது, மெக்கானிக் துடைத்தபடியே சந்தோஷத்தில் விசிலடித்தார். பகலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுப் பழக்கி, கடைசியில் கூட்டுக்கே அனுப்பினார்.

வீட்டுக்காரம்மா திரும்பி வந்த அன்று, பையைக் கீழே வைக்குமுன் கொல்லைப்புறத்துக்குத்தான் போனார். "குட்டிம்மா!" என்று கூப்பிட்டதுதான் தாமதம், விந்தி விந்தி ஓடிவந்தது. அள்ளி எடுத்தவர் அப்படியே நின்றார்.

"கொண்டை நுனி எங்கங்க?"

"என் தப்பு" என்றார் மெக்கானிக். கூட்டை அடைத்ததையும், அது வியர்த்ததையும், கோழி படுத்ததையும் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் சொன்னதை விட, இவ்வளவு வாக்கியங்கள் சேர்ந்தாற்போல அந்த வாயிலிருந்து வந்ததைத்தான் அந்த அம்மாள் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு தெளிவா இருக்கு, உடம்பும் தேறியிருக்கு. கொண்டை கிடக்குது, விடுங்க" என்றார் கடைசியில். உதட்டோரம் துடித்தது. "அன்னைக்கு ஃபோன்ல கொக்கரிச்சது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? அங்க உங்க பொண்ணு சிரிச்ச சிரிப்புல அன்னைக்கே பிரசவம் ஆயிருக்கும்!"

மெக்கானிக் அசடு வழிந்தார்.

மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் அவரே முதலில் எழுந்தார். வெந்நீர் கலந்து தண்ணீர் வைத்தார், கையில் குருணையோடு கூட்டின் முன்னால் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தார். குட்டிம்மா வந்து நின்றது.

"உங்கம்மா வந்துட்டா. இனிமே அவ பேசுவா, நீ தப்பிச்சே. வீடு இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு, இல்ல? சரி, கடைசியா ஒரு தரம். எங்க விட்டேன்? ஆங், கூலரைப் பிரிச்சுப் போட்டேனா... உள்ள அவ கத்தற ஒவ்வொரு தரமும் என் கையிலேருந்து ஸ்க்ரூ கீழ விழுது. தேடி எடுக்கறேன், மறுபடியும் கத்தறா, மறுபடியும் விழுது. அப்புறம் குழந்தை அழுகுரல் கேட்டுச்சு. அந்த நேரம் பாத்து மோட்டாரும் ஓடுது! நான் அங்கேயே தரையில உக்காந்து அழுதேன். அழுத மூஞ்சியோட உள்ள போக வெக்கமா இருந்துச்சு. அது சரியாகட்டும்னு உக்காந்தே இருந்தேன், சாயந்தரம் ஆயிடுச்சு..."

பின்னால் ஏதோ அரவம். திரும்பினார். கொல்லைக் கதவில் சாய்ந்துகொண்டு வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கன்னம் நனைந்திருந்தது.

"வராந்தாவிலயா இருந்தீங்க?"

"ம்."

"நீங்க வேலைக்குப் போயிட்டீங்கன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. ஒரு தரமாவது இல்லைன்னு சொல்லக்கூடாதா?"

"வேலைதானே பாத்தேன்" என்றார் மெக்கானிக். சற்றுக் கழித்து, "நீ கேக்கவும் இல்ல" என்றார்.

அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஓரத்தில் கிடந்த இன்னொரு வாளியைக் காலால் இழுத்துக் கவிழ்த்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தார். முழங்கால் முழங்காலில் இடித்தது.

"இப்பக் கேக்கறேன். முதல்லேருந்து சொல்லுங்க."

மெக்கானிக் குருணையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கோழியைப் பார்த்தார். குட்டிம்மா கொத்துவதை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பசியோடு இருக்கிறது, பாவம், வேறு வழியில்லை.

"அன்னைக்குக் காலையில..." என்று அவர் ஆரம்பித்தார்.